லோரியை இழுக்காதீர்கள்

கிள்ளான்
9 மார்ச் 2025

அன்புத் தங்கை கிறிஸ்டினுக்கு,

நானும் வீடும் நாயும் சுகமாக இருக்கிறோம். முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? லீட்ஸில் குளிர் விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ என் போனை எடுப்பதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய அட்டையில் ‘எழுதினால் படிப்பேன்’ என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரியை நம்பி எழுதுகிறேன். போன் ஏன் வேண்டாம் என்று கேட்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் இந்த வருடம் அழுகிற பிள்ளைகள் அதிகம். காரணம் தெரியாமல் அழுகிறவர்கள், காரணம் தெரிந்தும் அழாதவர்கள். ஆலோசக ஆசிரியை என்று அறைக்கு வெளியே பலகை மாட்டிக்கொண்டு உள்ளே நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டு வகுப்பில் வாணி என்று ஒரு பிள்ளை. அவள் அம்மா டிசம்பரில் இறந்துவிட்டார். பள்ளி திறந்ததிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் பேசுகிறாளாம். பள்ளிக்குள் கால் வைத்தால் ஒரு சொல் கிடையாது.

பிரிக்பீல்ட்ஸில் ஷார்மைன் என்று ஒரு பெண் இருக்கிறார். ஆறுதல் தரப் பழக்கிய தெரப்பி நாய்களைப் பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அழைத்துப் போகிற சிறு குழு வைத்திருக்கிறார். அவரிடம் லோரியைக் கொண்டுபோய்க் காட்டினேன். பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார். “லோரியா? இது என்ன பேரு லா அக்கா?” மேரு சாலையில் நின்றிருந்த சரக்கு லோரிக்கு அடியிலிருந்து தூக்கிய குட்டி, அதனால் என்னிடம் வளர்ந்த என் தங்கை மகன் வைத்த பெயர் என்றேன். “பையன் எங்கே?” என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

நாய்க்குத் தேர்வு வைத்தார்கள். பின்னால் தட்டைக் கீழே போட்டார்கள், சக்கர நாற்காலியை உரசி ஓட்டினார்கள், முகம் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்தார்கள். லோரி அசையவில்லை. கடைசியில் தரையில் கறிபாப் வைத்தார்கள். அதில் தோற்றது. தின்றுவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தது. ஒரு மாதம் பழக்கி மறுபடி கொண்டுபோனேன். எச்சில் ஒழுக ஒழுக உட்கார்ந்திருந்து தேறிவிட்டது.

நாய் லைசென்ஸ் உன் பெயரில் இருக்கிறது. உரிமையாளர் கையெழுத்து வேண்டுமாம். விண்ணப்பப் பாரம் இணைத்திருக்கிறேன். ஷான் போய் வருகிற ஜூனோடு இரண்டு வருடம். அவன் நாயை ஊர்ப் பிள்ளைகளிடம் விடுவதா என்று உனக்குத் தோன்றினால் கையெழுத்துப் போட வேண்டாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

உனக்காகத் தினமும் செபிக்கும்
அக்கா சாந்தமேரி


லீட்ஸ்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. நான் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மாடிப்படியைக் குறைத்துக்கொள்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது ஷானின் நாய். அவனைக் கேட்டிருந்தால் ‘லோரி வேலைக்குப் போகுதா?’ என்று குதித்திருப்பான்.

எனக்கு வேலை அதிகம். சுருக்கமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள்.

கிறிஸ்டின்


கிள்ளான்
27 ஏப்ரல் 2025

என் அன்பு கிறிஸ்டின்,

பூசை முடிந்து வந்து இதை எழுதுகிறேன். ஒத்தடம் கொடுக்கிறேன், பரவாயில்லை. நீ இருமல் மருந்து வாங்கியதாக யாரோ சொன்னதுபோல் எனக்குக் கனவு. உண்மையில் உனக்கு இருமலா?

லோரி வேலைக்குப் போய்விட்டது! வாரத்துக்கு ஒருநாள், புதன்கிழமை, எட்டிலிருந்து பத்து வரை. ஷார்மைன் கூட வருகிறார், கயிறு என் கையில். பின்பக்கக் கேட் வழியாக நேரே என் அறைக்குப் போகிறோம். அதே வழியாகத்தான் வெளியே வருகிறோம். மலாய் ஆசிரியை ரொஸ்னா முஸ்லிம், நாய் நடந்த இடத்தால் அவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று முன்பே போய்ப் பேசினேன். “அறையையும் நடைபாதையையும் கழுவிவிடுங்கள், போதும். பிள்ளைகளுக்கு நல்லது என்றால் செய்யுங்கள்” என்றார். முதல் நாள் ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியர் வாசு சாருக்குத்தான் பயம். அறை வாசலில் நின்றே கேட்டார்.

“டீச்சர், இது கடிக்குமா?”

“கடிக்காது சார்.”

“என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லையே. நாயா இல்ல கல்வி இலாகாவிலிருந்து வந்த இன்ஸ்பெக்டரா?”

பிள்ளைகள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டு இரண்டு பேராக வருகிறார்கள், பத்து நிமிடம். சிலர் தடவுகிறார்கள், சிலர் புத்தகம் வாசித்துக் காட்டுகிறார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகூட லோரியிடம் வெட்கப்படுவதில்லை. ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் அதன் காதில் ஏதோ சொல்லிவிட்டு, “டீச்சர், இது யாருகிட்டயும் சொல்லாதுல்ல?” என்று என்னிடம் உறுதி கேட்டான்.

ஷார்மைன் சில விதிகள் வைத்திருக்கிறார். வேலைக்குப் போகும்போது கழுத்தில் துணி கட்ட வேண்டும். அவிழ்த்தால் வேலை முடிந்தது என்று நாய்க்குப் புரியுமாம். வேலை நேரத்தில் யாரும் தின்னக் கொடுக்கக் கூடாது. முக்கியமான விதி, நாய் ஒரு பிள்ளையிடம் போக மறுத்தாலோ, ஓரிடத்தில் படுத்துக்கொண்டாலோ, இழுக்கக் கூடாது. “அதுக்கும் வேண்டாம்னு சொல்ல உரிமை இருக்கு அக்கா. ஏன் படுத்துச்சுன்னு முதல்ல பாருங்க. அப்புறம் கயித்தத் தொடுங்க.”

கதவிலேயே இதை ஒட்டிவிட்டார். ‘லோரியை இழுக்காதீர்கள்.’ பிள்ளைகள் அதற்குக் கீழே ஒரு லோரி படம் வரைந்து வால் வைத்திருக்கிறார்கள்.

வாணி வந்தாள். பத்து நிமிடமும் சுவரோரம் நின்றாள். லோரி அவள் செருப்பில் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது. அவள் காலை எடுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அக்கா


லீட்ஸ்
25 மே 2025

அன்புள்ள அக்கா,

இருமல் இல்லை, நன்றாக இருக்கிறேன். உன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுது. ‘பரவாயில்லை’ என்று எழுதாதே, எண்ணை எழுது.

உன் கடிதத்தை வார்டுக்கு எடுத்துப்போய் இடைவேளையில் மறுபடி படித்தேன். வாசு சார் இடத்தில் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்து அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

லோரி இப்போதும் ஷான் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கிறதா? கழுத்தில் கட்டுகிற துணி என்ன நிறம்? காது மடலில் இருந்த வெட்டுத் தழும்பில் முடி முளைத்துவிட்டதா? ஒவ்வொன்றாக எழுது. அந்த வாணி என்ன ஆனாள் என்றும் எழுது.

ஜூன் பதினேழு வருகிறது. எனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

உன் தங்கை
கிறிஸ்டின்


கிள்ளான்
22 ஜூன் 2025

அன்புள்ள கிறிஸ்டின்,

நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூறு. எண்ணை எழுதிவிட்டேன், திட்டாதே. மற்றபடி சுகம்.

நீ எழுத வேண்டாம் என்றதை எழுதவில்லை. இரண்டு ஏற்றினேன். அவ்வளவுதான்.

லோரி கட்டிலுக்கு அடியில்தான் படுக்கிறது. தழும்பில் முடி முளைக்கவில்லை. துணி பச்சை நிறம்.

வாணி பேசினாள்! போன புதன்கிழமை. அவள் தரையில் புத்தகத்தை விரித்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். லோரி போய்ப் புத்தகத்தின் மேலேயே படுத்துக்கொண்டது. அவள் உருவிப் பார்த்தாள், வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கதவில் ஒட்டியிருந்ததைக் காட்டினேன், இழுக்கக் கூடாது. லோரியிடம் குனிந்து, “எந்திரி. புக்கு நசுங்குது” என்றாள். ஐந்து மாதத்தில் பள்ளிக்குள் அவள் சொன்ன முதல் வார்த்தை. லோரி எழுந்திருக்கவில்லை. அவள் கோபமாக இன்னொரு முறை சொன்னாள்.

நான் வெளியே போய் நடைபாதையில் நின்றுகொண்டேன். ரொஸ்னா தூரத்திலிருந்து ‘என்ன?’ என்று கையால் கேட்டார். நான் தலையை ஆட்டினேன், நல்ல செய்திதான் என்று.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


லீட்ஸ்
20 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

நூற்று நாற்பத்தெட்டு அதிகம். மாத்திரையை நிறுத்திவிட்டாயா? கிளினிக் போ.

வாணியைப் பற்றி நீ எழுதியதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. பதில் எழுத விருப்பமில்லை என்றால் விட்டுவிடு. அன்று காலை லோரி எங்கே இருந்தது? ஷான் வீட்டில் உடுப்பு மாற்றும்போது மயங்கி விழுந்தான், அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குத் தூக்கிப் போனாய் என்று சொன்னாய். அப்போது லோரி என்ன செய்தது? எனக்கு அது அடிக்கடி கனவில் வருகிறது. வாசலில் படுத்திருக்கிறது. வேறொன்றுமில்லை, படுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கிறிஸ்டின்


கிள்ளான்
14 செப்டம்பர் 2025

என் கிறிஸ்டின்,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படிப்பதற்கு முன் ஏதாவது சாப்பிட்டுவிடு.

எட்டு வாரமாக உனக்குப் பதில் எழுதவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ‘லோரி வெளியே கட்டியிருந்தது’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம், அது பொய்யும் இல்லை. போன புதன்கிழமை நடந்ததற்குப் பிறகு அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை.

மணி அடித்துவிட்டது. வாணி வகுப்புக்குப் போக எழுந்தாள். லோரி எழுந்து போய் வாசலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. அவள் தாண்டப் பார்த்தாள். அது எழுந்து இன்னும் நெருங்கி அவள் காலடியில் படுத்தது. அடுத்த இரண்டு பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். “லோரி, வா” என்று நான் குனிந்து கழுத்துப் பட்டையைப் பிடித்தேன்.

“அக்கா, இழுக்காதீங்க லா! முதல்ல பிள்ளையைப் பாருங்க” என்றார் ஷார்மைன்.

கை அப்படியே நின்றுவிட்டது. ஷார்மைன் வாணியின் நெற்றியைத் தொட்டார். “சூடு இல்ல. வயிறு வலிக்குதா கண்ணு? கை ஏன் சில்லுன்னு இருக்கு?” நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வாணிக்கு ஒன்றுமில்லை. அவள் பாவாடைப் பையில் காகிதத்தில் சுற்றி இரண்டு பிஸ்கட் வைத்திருந்தாள். வேலை முடிந்த பிறகு லோரிக்குக் கொடுப்பதற்காம். எல்லாரும் சிரித்தார்கள். “திருடா” என்று ஷார்மைன் லோரியின் மூக்கில் தட்டினார். நான் மட்டும் எழுந்திருக்கவில்லை.

இப்போது சொல்கிறேன். ஷான் வீட்டில் மயங்கவில்லை.

அவனுக்குப் புதன்கிழமை காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியும். வியாழன் கிளினிக் அழைத்துப் போனேன். சனிக்கிழமை காலை ரத்தம் பார்க்க மறுபடி வரச் சொன்னார்கள். கண்டிப்பாகச் சொன்னார்கள், சீட்டிலும் எழுதித் தந்தார்கள். வெள்ளி மாலை காய்ச்சல் விட்டுவிட்டது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். சனிக்கிழமை பள்ளி விளையாட்டுப் போட்டி. அவன் மூன்று மாதமாகக் காத்திருந்த நூறு மீட்டர் ஓட்டம். ‘காய்ச்சல்தான் இல்லையே, ஓட்டம் முடிந்து கிளினிக் போகலாம்’ என்று சொன்னது நான். கொசு கடித்து வருகிற டிங்கியில் காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்தான நாள் என்று கொட்டை எழுத்தில் போட்ட சுவரொட்டியை என் அறை வாசலில் என் கையால் ஒட்டியிருந்தேன். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன்.

அன்று காலை லோரி வாசலுக்குக் குறுக்கே படுத்திருந்தது. உன் கனவில் வருவதுபோலவே. ஷான் தாண்டினான். அது எழுந்து காரின் கதவுக்கு முன்னால் போய்ப் படுத்தது. “பெரிமா, லோரி விடமாட்டேங்குது” என்று சிரித்தான். எனக்கு நேரமாகிவிட்டது, அன்று திடலில் கொடி ஏற்றுகிற பொறுப்பு என்னுடையது. கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கக் கிரில்லில் கட்டினேன். அது குரைக்கவில்லை. கால் நகங்கள் சிமெண்டில் கிறீச்சிட்ட சத்தம் மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவன் திடலில்தான் மயங்கினான், மதியம். மருத்துவமனையில் எல்லாமே செய்தார்கள். நேரம்தான் இல்லை. அந்த நேரத்தை எடுத்தவள் நான்.

நீ வந்து இறங்கியபோது அவன் கண் திறக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது ‘வீட்டில் மயங்கி விழுந்தான்’ என்பதுதான். ஒரு முறை சொன்னேன். பிறகு எல்லாரிடமும் அதையே சொல்ல வேண்டியதாகிவிட்டது, ஃபாதரிடம்கூட.

லோரிக்குத் தெரிந்திருந்ததா என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் அவன் உடுப்பைப் பையில் போட்டுத் தந்தார்கள். கால்சட்டைப் பைக்குள் பிஸ்கட் நொறுங்கிக் கிடந்தது. எப்போதும்போல் லோரிக்கு எடுத்து வைத்தது. வாணியின் பிஸ்கட்டைப் பார்த்த பிறகு யோசிக்கிறேன். அன்றும் அது வெறும் பிஸ்கட்டுக்காகத்தான் படுத்திருந்ததோ? எனக்குத் தெரியப்போவதே இல்லை. எதற்காகப் படுத்திருந்தாலும் நான் ஒரு நிமிடம் நின்று அவன் கையைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். சில்லென்று இருந்திருக்கும்.

பச்சைத் துணி என்று எழுதினேன். அது விளையாட்டுப் போட்டிக்கான அவன் பச்சை இல்லத்து அணிச் சட்டை. நான்தான் வெட்டித் தைத்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாந்தமேரி


கிள்ளான்
2 நவம்பர் 2025

கிறிஸ்டின்,

உன் உடம்பு சுகமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் செபம்.

பதில் வரவில்லை. வராது என்றுதான் நினைத்தேன். இன்று கல்லறைத் திருநாள். புல் வெட்டி, கல்லைக் கழுவி, இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். மழை வந்து அணைத்துவிட்டது. குடைக்குள் வைத்து மறுபடி ஏற்றினேன்.

லோரியை நான் பள்ளிக்கு அழைத்துப் போவதில்லை. “உங்க கை நடுங்குறது கயித்துல இறங்கி நாய்க்குப் போகுது அக்கா. கொஞ்ச நாள் நிறுத்துங்க” என்றார் ஷார்மைன். அவர் சொன்னது கொஞ்ச நாள். நான்தான் நீட்டிக்கொண்டிருக்கிறேன். அது உன் மகனின் நாய். அதைத் தொடும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று நீ சொல்லும்வரை அது வேலைக்குப் போகாது. புதன்கிழமை காலையில் மட்டும் தானாகவே போய்க் காருக்குப் பக்கத்தில் உட்காருகிறது. வாணி மறுபடி மௌனமாகிவிட்டாள்.

சாந்தமேரி


லீட்ஸ்
23 நவம்பர் 2025

அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன். சாப்பிடுகிறேன். வேலைக்குப் போகிறேன்.

உன் செப்டம்பர் கடிதத்தைப் படித்ததும் உன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. மூன்று நாள் இருந்தது. தட்டை உடைத்தேன். அதற்குப் பிறகு, கோபப்பட எனக்குத் தகுதி இல்லை என்பதை உனக்குச் சொல்லாமல் இருந்ததற்காக வெட்கப்பட்டேன். அதுதான் இத்தனை வாரம்.

அன்று காலை ஆறு இருபதுக்கு ஷான் உன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டான். இங்கே வெள்ளிக்கிழமை, நான் வேலையில் இருந்தேன். மருந்து அறைக்குள் போய் எடுத்தேன்.

“அம்மா, வயிறு வலிக்குதுமா.”

“காய்ச்சல் இருக்காடா?”

“இல்லமா, நேத்தே போயிருச்சு.”

“அப்ப அது பயம்டா. ஓடப் போறவங்க எல்லாருக்கும் வயிறு வலிக்கும். கோட்டுல நின்னதும் போயிரும்.”

“லோரி வேற விடமாட்டேங்குது. கதவுல படுத்துக்கிட்டு.”

“அதுக்கு ஒரு பிஸ்கட்டைப் போட்டுட்டு ஓடுடா. ஓடிட்டு வந்து எத்தனாவதுன்னு அம்மாவுக்குச் சொல்லு.”

நீ ஒரு சுவரொட்டியைத் தாண்டிப் போனாய். நான் கிள்ளானில் ஆறு வருடம் டிங்கி வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள். காய்ச்சல் விட்டு வயிறு வலித்தால் என்ன அர்த்தம் என்று எத்தனை தாய்மாருக்கு நான் சொல்லியிருப்பேன். என் மகன் சொன்னபோது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து அறையில் ஒரு கிழவர் மணி அடித்துக்கொண்டிருந்தார். நான் அவசரத்தில் இருந்தேன்.

அதனால்தான் போன் வேண்டாம் என்றேன். உன் பெயர் திரையில் வரும்போதெல்லாம் அவன்தான் கூப்பிடுகிறான் என்று கை போகும். எடுத்தால் நீ ‘அவன் உன்னிடம் என்ன சொன்னான்?’ என்று கேட்டுவிடுவாய்.

வீட்டில் மயங்கினான் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. அவன் கால்களில் திடல் மண் ஒட்டியிருந்தது. நான்தான் துடைத்தேன். துடைத்துவிட்டு, நீ சொன்னதை நம்பியதுபோல் இருந்துவிட்டேன். அந்தப் பொய் உனக்கு எவ்வளவு தேவைப்பட்டதோ அவ்வளவு எனக்கும் தேவைப்பட்டது.

உன்னை மன்னிக்கச் சொல்லாதே. என்னையும் நீ மன்னிக்காதே. அது நம் கையில் இல்லை என்று நினைக்கிறேன்.

லோரியை அழைத்துப் போ. அந்தப் பிள்ளையைக் காக்க வைக்காதே. உன் கை நடுங்கினால் நடுங்கட்டும், அது பழகிக்கொள்ளும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இரண்டு வருடமாகக் கேட்க முடியாததை. அவன் ஓடினானா? எத்தனையாவது வந்தான்?

கிறிஸ்டின்


கிள்ளான்
14 டிசம்பர் 2025

என் கண்ணே கிறிஸ்டின்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கேட்டிலேயே நின்று படித்தேன். இன்று பூசைக்குப் போகவில்லை. காலையிலிருந்து இந்தக் கடிதத்தோடுதான் இருக்கிறேன்.

அவன் உன்னிடம் பேசியது எனக்குத் தெரியும். நான்கு நிமிடம் பத்து வினாடி. அடுத்த நாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் போனைத் திறந்தபோது பார்த்தேன். என்ன பேசினீர்கள் என்று உன்னிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் நீயும் என்னைக் கேட்பாய் என்று பயம். அந்தப் போனை இன்னும் மாற்றவில்லை. கடையில் கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்றார்கள்.

இன்னும் மூன்று நாளில் புதன்கிழமை. விடுமுறைக்கு முன் கடைசிப் புதன். லோரிக்குத் துணியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். ஷார்மைனிடம் சொல்லிவிட்டேன். “வாங்க அக்கா, நான் கேட்ல நிக்கிறேன்” என்றார். வாணி பேசினால் எழுதுகிறேன். பேசாவிட்டாலும் எழுதுகிறேன்.

இனி உன் கேள்வி.

அவன் ஓடினான். ஆறாவது தடம், சுவர் ஓரம். கோட்டில் நிற்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கொடிக்கம்பத்துப் பக்கம் இருந்தேன். கையசைத்தேன். அவனும் கையசைத்தான். விசில் ஊதியதும் தலையைக் குனிந்துகொண்டு ஓடினான், நீ சின்ன வயதில் ஓடுவாயே, அதே மாதிரி. எண்பது மீட்டர் வரை முன்னால் இருந்தான். பிறகு ஒரு பையன் தாண்டினான். இவன் விடவில்லை, கடைசிவரை விடவில்லை.

கோட்டைத் தாண்டியதும் புல்லில் உட்கார்ந்தான். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். முகம் வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். பெயர் கூப்பிட்டு வெள்ளிப் பதக்கம் போட்டார்கள். அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அம்மாவுக்கு மெசேஜ் போடட்டுமாடா?” என்று கேட்டேன்.

“வேணாம் பெரிமா. நீங்க சொல்லாதீங்க. நானே போன் பண்ணிச் சொல்றேன்” என்றான்.

அவன் கேட்டுக்கொண்டதால்தான் சொல்லாமல் இருந்தேன் என்று என்னை நானே பல இரவு ஏமாற்றியிருக்கிறேன். அப்படி இல்லை. சொன்னால் அவன் ஓடியது உனக்குத் தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. பதக்கம் என் பீரோவில், அம்மாவின் செபமாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தபாலில் அனுப்ப மாட்டேன். நீ வந்து உன் கையால் எடு. எப்போது முடிகிறதோ அப்போது.

அவன் தன் வாயால் சொல்ல வைத்திருந்ததை நான் சொல்கிறேன். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

இரண்டாவது, கிறிஸ்டின். உன் மகன் இரண்டாவதாக வந்தான்.

உன் அக்கா
சாந்தமேரி